ஆன்டிபாடி ஏற்றுவது எதிர்ப்புச் சக்தியைக் கூட்டவா, அடக்கவா? காவசாகி நோய் பற்றிய இழை

9 ஜூன் 2024, மேலூரிலிருந்து ஒரு வாசகி கேட்டது

என் தங்கை மகனுக்கு 14 மாதம் ஆகிறது. விடாத காய்ச்சல். ஒன்பதாம் நாள், போன வியாழக்கிழமை, மதுரையில் வைத்துக் காவசாகி நோய் என்று சொல்லி இரவு முழுக்க ஆன்டிபாடி மருந்து ஏற்றினார்கள். இப்போது காய்ச்சல் இல்லை. ஆனால் குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லாததால்தான் வெளியிலிருந்து ஏற்றினார்கள் என்று உறவினர் எல்லோரும் பேசுகிறார்கள். தாய்ப்பாலை ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்று தங்கையை அவள் மாமியார் ஏசுகிறார். மருந்துக்கடைக்காரரும் "எதிர்ப்புச் சக்தி மருந்துதான் அது" என்று சொல்லியிருக்கிறார். உண்மை என்ன?

9 ஜூன், இரவு 10.40

தங்கையிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள் சகோதரி, தாய்ப்பாலுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. காவசாகி என்பது சிறு குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வந்து ரத்தக் குழாய்களில் அழற்சி உண்டாக்கும் நோய். குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்துபோகவில்லை. அது கட்டுக்கடங்காமல் கிளம்பியதுதான் நோய். ஏற்றிய மருந்து அதை அமர்த்துவதற்காக.

நான் மருத்துவர் அல்லன். மதுரையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 17 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். 2019இல் என் மகளுக்கு இதே நோய் வந்தது. அப்போது அவளுக்கு மூன்று வயது, எடை 12 கிலோ. அவள் ரத்தத்தை நானே ஸ்லைடில் இழுத்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். அந்த ஸ்லைடைப் பார்த்த எவரும் "எதிர்ப்புச் சக்தி இல்லை" என்ற பேச்சை எடுக்கமாட்டார்கள். பார்வை வட்டத்துக்குள் எங்கு திருப்பினாலும் நியூட்ரோஃபில்கள், அதாவது கிருமியோடு முதலில் மோதும் வகை வெள்ளையணுக்கள். வெள்ளையணு எண்ணிக்கை 18,600. அதில் நூற்றுக்கு 82 நியூட்ரோஃபில். முதிராத இளம் அணுக்களையும் எலும்பு மஜ்ஜை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. அணுக்களுக்குள் கருநீலத் துகள்கள் தடித்துக் கிடந்தன.

மீதியை நாளை எழுதுகிறேன்.

10 ஜூன், காலை 6.15

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

2019 ஏப்ரல் 13, சித்திரை முதல் நாளுக்கு முந்தைய இரவு காய்ச்சல் தொடங்கியது. மூன்றாம் நாள் உடம்பெல்லாம் சிவந்து தடித்தது. கண் இரண்டும் சிவந்தன, ஆனால் பீளை தள்ளவில்லை. உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. நாக்கு ஸ்ட்ராபெரிப் பழம் போல முள்முள்ளாக எழும்பியது. என் அம்மா பார்த்தவுடன் "அம்மை இறங்கியிருக்கிறது" என்றார்கள். நிலையில் வேப்பிலை செருகினார்கள். வண்டியூர்த் தெப்பக்குளத்து மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார்கள். பக்கத்துத் தெரு மருத்துவரும் தட்டம்மை என்றுதான் சொன்னார். குழந்தை எதையும் விழுங்கவில்லை. நுங்குத் தண்ணீரை மட்டும் கரண்டியால் கொடுத்தோம்.

ஏப்ரல் 18 ஞாபகம் இருக்கும் உங்களுக்கு. சித்திரைத் திருவிழாத் தேரோட்டமும் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவும் ஒரே நாளில் வந்து, மதுரையில் மட்டும் இரவு 8 மணி வரை ஓட்டுப் போட்டோம். அன்றுதான் மகளின் உள்ளங்கையும் பாதமும் உப்பிச் சிவந்திருப்பதைக் கவனித்தேன். தட்டம்மையில் நான் அப்படிப் பார்த்ததில்லை. மறுநாள் அழகர் ஆற்றில் இறங்கினார், நாங்கள் போகவில்லை. வேறு ஒரு குழந்தை மருத்துவர் கையைப் பார்த்தார், கழுத்தில் ஒரு பக்கம் திரண்டிருந்த நெறிக்கட்டியைத் தொட்டுப் பார்த்தார், எத்தனை நாள் என்று கேட்டார். ஏழு நாள் என்றேன். அதற்குமேல் அவர் யோசிக்கவில்லை, காவசாகி என்றார்.

அடையாளங்களைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து நாள் அல்லது அதற்குமேல் காய்ச்சல். கூடவே பீளை இல்லாத கண் சிவப்பு, உதடு நாக்கு மாற்றம், உடல் தடிப்பு, கை கால் வீக்கமும் சிவப்பும், கழுத்து நெறிக்கட்டி. இந்த ஐந்தில் நான்கு இருந்தால் காவசாகி. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் பாதிதான் தென்படும், அதனால் அவர்களிடம் தவறவிடுவது அதிகம். விரல் நுனித் தோல் உரிவது இரண்டாம் மூன்றாம் வாரத்தில்தான். தோல் உரியட்டும் என்று காத்திருந்தால் காலம் போய்விடும். மருந்தைப் பத்து நாளுக்குள் ஏற்றிவிட வேண்டும். ஏற்றாவிட்டால் நான்கில் ஒரு குழந்தைக்கு வரை இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாய் புடைத்துவிடக்கூடும். நேரத்தில் ஏற்றினால் அது நூற்றுக்கு நான்கைந்து பேருக்கு என்று இறங்குகிறது.

10 ஜூன், மதியம்

வாசகி தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார்: பிறந்தவுடன் காசநோய்க்கு எதிராகப் போட்ட பி.சி.ஜி. ஊசித் தழும்பு காய்ச்சலின்போது சிவந்து வீங்கியதே, அதுவும் இதிலா?

ஆம், இதில்தான். தடுப்பூசி கெட்டுப்போனதாக எண்ண வேண்டாம். பழைய தழும்பில் தங்கியிருக்கும் எதிர்ப்பு அணுக்கள் மறுபடி விழித்துக்கொள்கின்றன. எல்லாப் பிள்ளைகளுக்கும் பி.சி.ஜி. போடும் நம் நாட்டில் இது மருத்துவருக்குக் கைகொடுக்கும் அடையாளம். இடது மேற்கையை யாராவது பார்த்தால்தான் தெரியும்.

11 ஜூன், இரவு

இனி முக்கியமான கேள்வி. ஆன்டிபாடி என்பதே எதிர்ப்புப் பொருள். அதை ஊற்றினால் எதிர்ப்பு எப்படி அடங்கும்? இந்தக் கேள்வி என்னையும் ஓராண்டுக்கு மேல் அரித்தது.

அளவிலிருந்து தொடங்குவோம். என் மகளுக்கு ஏறியது கிலோவுக்கு 2 கிராம் வீதம் 24 கிராம். அந்த வயதில் 12 கிலோ குழந்தையின் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, அரை லிட்டருக்குச் சற்று மேல் இருக்கும். அதில் ஓடும் அவளது சொந்த ஐ.ஜி.ஜி. (ரத்தத்தில் மிகுதியாக இருக்கும் ஆன்டிபாடி வகை) நான்கு, ஐந்து கிராம். அந்த ஓட்டத்துக்குள் ஒரே இரவில் 24 கிராம் வந்து சேர்கிறது. பல ஆயிரம் பேர் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து எடுத்தது. வைகையில் தண்ணீர் திறந்துவிட்ட மாதிரி.

ஆன்டிபாடியின் உருவம் கவட்டை போன்றது. இரண்டு கிளைகள் கிருமியைப் பிடிக்கும். அடிக்காம்பு நம் வெள்ளையணுக்களின் மேல் இருக்கும் ஏற்பிகளில் பொருந்தும். அந்த ஏற்பிகளில் அணுவை உசுப்பிவிடுபவையும் உண்டு, அமர்த்துபவையும் உண்டு. இவ்வளவு காம்புகள் ஒரே நேரத்தில் வந்து மொய்க்கும்போது உசுப்பும் ஏற்பிகள் அடைபட்டுவிடுகின்றன, அமர்த்தும் ஏற்பிகளின் கை ஓங்குகிறது. மோனோசைட்டுகள் என்ற பெரிய வெள்ளையணுக்கள் அழற்சிப் புரதங்களைக் கக்குவதைக் குறைத்துக்கொள்கின்றன. காய்ச்சலின் உச்சத்தில் குறைந்துபோயிருந்த ஒழுங்காற்றும் டி அணுக்கள் மறுபடி பெருகுகின்றன. "போதும், நிறுத்து" என்று மற்ற அணுக்களுக்குச் சொல்வது அவற்றின் வேலை. ஏற்றிய ஆன்டிபாடியின் காம்பையே அடையாளம் கண்டு பெருகும் டி அணுக்களும் உண்டு என்று கண்டிருக்கிறார்கள்.

எனக்கு மிக நெருக்கமானது நியூட்ரோஃபில் கதை. ஏனென்றால் அதைத்தான் நான் கண்ணால் பார்த்தேன். கரோனரி குழாயின் சுவருக்குள் முதலில் நுழைவது நியூட்ரோஃபில்தான். அதன் நொதிகள் சுவரின் மீள்தன்மை இழைகளை அறுக்கின்றன, பிறகு மற்ற அணுக்கள் உள்ளே வருகின்றன, சுவர் தளர்ந்து புடைக்கிறது. 2021இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் காவசாகிக் குழந்தைகளின் ரத்தத்தையும், கோவிட்டுக்குப் பிறகு வரும் பல்லுறுப்பு அழற்சிக் குழந்தைகளின் ரத்தத்தையும் மருந்துக்கு முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்தார்கள். இன்டர்லூக்கின் 1 பீட்டா என்ற காய்ச்சல் புரதத்தை அதிகமாகச் சுமந்து திரிந்தவை நியூட்ரோஃபில்கள். ஆன்டிபாடி ஏற்றியபின் அவைதான் வெகுவாகக் குறைந்தன. சோதனைக் குழாயில் ஆன்டிபாடியைச் சேர்த்தபோது நியூட்ரோஃபில்கள் செத்தன.

ஏற்றிய மூன்றாம் நாள் என் மகளின் எண்ணிக்கை: வெள்ளையணு 9,200, அதில் நூற்றுக்கு 41 நியூட்ரோஃபில், 48 லிம்போசைட் என்ற இன்னொரு வகை வெள்ளையணு. அன்றைய ஸ்லைடு அவள் வயதுக் குழந்தையின் ஸ்லைடு போல இருந்தது. ஆக ஆன்டிபாடி அந்த வெறிகொண்ட அணுக்களைக் கொன்றுவிட்டது என்பதை நானே பார்த்தேன்.

12 ஜூன், காலை 5.50

நேற்று எழுதியதன் கடைசி வரியைத் திருத்துகிறேன். தூக்கம் வரவில்லை.

நான் பார்த்தது எண்ணிக்கை இறங்கியதை மட்டும்தான். கொன்றதை நான் பார்க்கவில்லை. நியூட்ரோஃபில் ரத்தத்தில் ஒரு நாளைக்குள் முடிந்துவிடும் அணு. மஜ்ஜை புதிதாக அனுப்புவதை நிறுத்தினாலும் எண்ணிக்கை தானாக விழும். காய்ச்சல் புரதங்கள் குறைந்தாலே மஜ்ஜை நிறுத்திக்கொள்ளும். குழாய்க்குள் செத்தது உண்மை. குழந்தையின் உடலுக்குள் எந்த வழி எவ்வளவு வேலை செய்தது என்பதை இரண்டு ஸ்லைடுகளை வைத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சில குழந்தைகளுக்கு மருந்துக்குப் பிறகு நியூட்ரோஃபில் தேவைக்கும் கீழே போய், சில நாட்களில் தானே ஏறுவதும் உண்டு. அறிக்கையில் அப்படிக் கண்டால் பதறாமல் மருத்துவரைக் கேளுங்கள்.

13 ஜூன்

திருமங்கலத்திலிருந்து ஓர் அண்ணன் எழுதுகிறார்: அவர் மைத்துனர் மகனுக்கு மாதாமாதம் இதே பாட்டில் ஏற்றுகிறார்கள், அவனுக்குப் பிறவியிலேயே ஆன்டிபாடி சுரக்காது, ஆகவே மருந்துக்கடைக்காரர் சொன்னது சரிதானே?

நல்ல கேள்வி அண்ணா. நான் மருந்துக்கடைக்காரரை மனதுக்குள் கடிந்துகொண்டேன், அது நியாயம் இல்லை என்று இப்போது தெரிகிறது. பாட்டில் ஒன்றுதான். உங்கள் பையனுக்குக் கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம் வரை, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை கொடுப்பார்கள். அது வற்றிய கிணற்றுக்கு நீர் விடுவது. காவசாகிக்குக் கிலோவுக்கு 2000 மில்லிகிராம், ஒரே தடவை. குறைந்த அளவில் நிரப்புகிறது, பெரிய அளவில் அமர்த்துகிறது.

மருத்துவ உலகமும் முதலில் நிரப்பும் மருந்தாகத்தான் இதை அறிந்திருந்தது. 1952இல் புரூட்டன் என்ற அமெரிக்க மருத்துவர் ஆன்டிபாடி சுரக்காத சிறுவனுக்குக் கொடுத்தார். 1981இல் ஸ்விட்சர்லாந்தின் இம்பாக், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் அழிந்துகொண்டிருந்த குழந்தைகளுக்குக் கொடுத்தபோது தட்டணுக்கள் ஏறின. ஆன்டிபாடிகள் பூசிய தட்டணுக்களை விழுங்கும் அணுக்கள் அமர்ந்துவிட்டன என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள். 1984இல் ஜப்பானில் ஃபுருஷோ குழுவினர் அதைக் காவசாகிக்குக் கொண்டுவந்தார்கள். கிலோவுக்கு 400 மில்லிகிராம் வீதம் ஐந்து நாள். 1991இல் அமெரிக்காவில், ஒரே தடவையாக 2 கிராம் ஏற்றுவது அதைவிட நல்லது என்று காட்டினார்கள். தோமிசாகு காவசாகி 1961இல் டோக்கியோவில் முதல் குழந்தையைப் பார்த்தார், 1967இல் 50 குழந்தைகளைப் பற்றி எழுதினார். நோய்க்கு மருந்து கிடைக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. என் மகள் 1975இல் பிறந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கை நடுங்குகிறது.

13 ஜூன், இரவு

மாமியார் இன்னும் ஏசுகிறாரா என்று கேட்க மறந்துவிட்டேன்.

15 ஜூன்

ஏற்றிய இரவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்.

ஏப்ரல் 20. மருந்து இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஐந்து பாட்டில்களைத் தெர்மாக்கோல் பெட்டியில் ஐஸ் வைத்துக் கட்டித் தந்தார்கள். மனைவியின் சங்கிலி அன்று காலையில்தான் அடகுக்குப் போயிருந்தது. கோரிப்பாளையம் பக்கம் வண்டி எதுவும் விடவில்லை, அழகரைப் பார்க்க வந்த கூட்டம் கலையவே இல்லை. பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தேன். அழகர்மேல் தண்ணீர் பீய்ச்சும் குழலோடு நின்ற ஒருவர் என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் வழி விலக்கிக்கொண்டே கூட வந்தார். அவர் யார் என்று இன்றுவரை தெரியாது.

மருந்து லேசாகக் கலங்கிய தண்ணீர் மாதிரி இருக்கும். மகள் பாட்டிலைப் பார்த்து "நுங்குத் தண்ணீரா அப்பா?" என்றாள். நான்கு நாளில் அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அது. மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினார்கள். மூன்றாம் மணி நேரத்தில் உடல் தூக்கிப்போட்டது. செவிலியர் ஓட்டத்தை நிறுத்தி, அரை மணி கழித்து மறுபடி குறைந்த வேகத்தில் விட்டார். பத்து பன்னிரண்டு மணி நேரம் ஏன் என்று அப்போது புரிந்தது. ராமராயர் மண்டபத்தில் அழகரின் தசாவதாரக் காட்சி நடந்த இரவு அது. விடியும்போது காய்ச்சல் இல்லை.

எல்லோருக்கும் இப்படி அமையாது. பத்தில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு மருந்து முடிந்து 36 மணி நேரத்துக்குப் பிறகும் காய்ச்சல் நிற்கும், அல்லது திரும்ப வரும். அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாம் தடவை ஆன்டிபாடி, ஸ்டீராய்டு, அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் என்று அடுத்த படிகள் இருக்கின்றன.

அந்த இரவில் கொஞ்ச நேரம் அந்தப் பல ஆயிரம் பேரை நினைத்துக்கொண்டிருந்தேன். நம் ரத்த வங்கிகளில் மிஞ்சும் பிளாஸ்மாவும் பிரித்தெடுக்கும் ஆலைகளுக்குப் போகிறது. முகாமில் படுத்து ரத்தம் கொடுத்துவிட்டு பிஸ்கட்டும் டீயும் வாங்கிப் போகிறவர்களுக்கு இது தெரியாது.

16 ஜூன்

ஒரு தவறான அச்சத்தை யாரும் என்னைப் போல் அனுபவிக்கக் கூடாது என்பதற்காக இது.

மருந்து ஏற்றி நான்காம் நாள் இ.எஸ்.ஆர். பார்த்தேன். குழாயில் சிவப்பணுக்கள் எவ்வளவு வேகமாகக் கீழே இறங்குகின்றன என்று அளப்பது அது, அழற்சி இருந்தால் கூடும். ஏற்றுவதற்கு முன் 55. இப்போது 110. குழாயை மூன்று முறை படித்தேன். மருந்து பலிக்கவில்லை, நோய் உள்ளே எரிந்துகொண்டிருக்கிறது என்று முடிவு கட்டி, இரவோடு இரவாக மருத்துவமனைக்கு ஓடினேன். மனைவி அழுதாள்.

மருத்துவர் ஒரே வரியில் சொன்னார்: ஆன்டிபாடி ஏற்றினாலே இ.எஸ்.ஆர். ஏறும். பிளாஸ்மாவில் புரதம் கூடும்போது சிவப்பணுக்கள் காசு அடுக்கியதுபோல ஒட்டிக்கொண்டு வேகமாகக் கீழே இறங்கும். நாள்தோறும் அந்தக் குழாயைக் கையாளும் எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய காரணம். தகப்பனாக நின்றபோது தோன்றவில்லை. அழற்சியின்போது ரத்தத்தில் கூடும் சி.ஆர்.பி. என்ற புரதத்தைப் பாருங்கள் என்றார். 86 இருந்தது 12க்கு வந்திருந்தது. ஆன்டிபாடிக்குப் பிறகு நோயைப் பின்தொடர சி.ஆர்.பி.தான், இ.எஸ்.ஆர். அல்ல.

தட்டணுக்கள் இரண்டாம் மூன்றாம் வாரத்தில் ஏறுவது இந்த நோயின் இயல்பு. மகளுக்கு 8.7 லட்சம் வரை போனது. ஏற்றிய பிறகும் வீட்டில் தொடர்ந்து கொடுக்கும் ஆஸ்பிரின் அதற்காகத்தான், தட்டணுக்கள் ஒட்டி ரத்தம் உறையாமல் இருக்க.

18 ஜூன்

வாசகியின் பதில் வந்திருக்கிறது. நான் எழுதியதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினாராம். பெரியவர் நெடுநேரம் பேசவில்லை, பிறகு "அப்படியென்றால் பிள்ளை பலசாலிதான்" என்றாராம். தங்கைக்கு அன்று அவரே சோறு போட்டுக் கொடுத்திருக்கிறார். இதைப் படித்துவிட்டு நான் கூடத்துக்கு வெளியே வந்து சிறிது நேரம் நின்றேன்.

பலசாலி என்பதும் முழுச்சரி இல்லை. ஆனால் அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

21 ஜூன்

என் அம்மாவைப் பற்றி முன்பு எழுதியதில் ஒரு சேர்ப்பு. வேப்பிலையால் குழந்தைக்கு ஒரு கேடும் வரவில்லை. அம்மை என்றால் வெளியே எடுத்துப் போகக் கூடாது, ஊசி போடக் கூடாது என்ற வழக்கம் இருக்கிறதே, அது மூன்று நாளைத் தின்றது. நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது எங்கள் தெருவில் யார் வீட்டு நிலையிலாவது வேப்பிலை கண்டால், காய்ச்சல் எத்தனை நாள் என்று கேட்காமல் அம்மா கடந்து போவதில்லை. ஐந்து என்றால் உள்ளே போய்க் குழந்தையின் உள்ளங்கையைப் பார்க்கிறார்கள்.

27 ஜூன்

தடுப்பூசி பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசியையும் சின்னம்மைத் தடுப்பூசியையும் ஆன்டிபாடி ஏற்றிய 11 மாதத்துக்குத் தள்ளிவைக்க வேண்டும். ஏற்றிய ஆன்டிபாடிகளில் மற்றவர்களின் தட்டம்மை எதிர்ப்பும் இருக்கிறது. தடுப்பூசியில் உள்ள உயிருள்ள வைரஸை அது தடுத்துவிடும், ஊசி வீணாகும். உங்கள் தங்கை மகனுக்கு 16 முதல் 24 மாதத்துக்குள் வரும் இரண்டாம் தவணை இதனால் 2025 மே மாதத்துக்குத் தள்ளிப் போகும். தேதியைத் தடுப்பூசி அட்டையிலேயே எழுதி, கிராமச் செவிலியரிடம் காட்டுங்கள். போலியோ சொட்டு மருந்துக்கு இந்தத் தடை இல்லை.

9 ஜூலை

அந்த இரண்டு ஸ்லைடுகளும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. சாயம் மங்கிவிட்டது. இன்று மதியம் வேலை குறைவு, இரண்டையும் மறுபடி பார்த்தேன். முதல் ஸ்லைடில் ஓரத்தில் பெரிய மோனோசைட்டுகள் குமிழிகளோடு நிற்கின்றன. 2019இல் நியூட்ரோஃபிலையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவற்றை நான் கவனிக்கவே இல்லை. மகளுக்கு இப்போது எட்டு வயது. அவளையும் பார்க்கச் சொன்னேன். "இதில் நான் எங்கே?" என்று கேட்டாள்.

14 ஜூலை

சகோதரி, இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன் 18ஆம் தேதி என்கிறீர்கள். குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை, நன்றாக விளையாடுகிறான் என்று ஆஸ்பிரினை அதற்கு முன்பே நிறுத்திவிடாதீர்கள். எக்கோவைப் பார்த்துவிட்டு மருத்துவர் சொல்லட்டும். இடையில் காய்ச்சல் என்று ஐபுபுரோஃபென் கொடுக்க வேண்டாம், அது ஆஸ்பிரினின் வேலையைக் கெடுக்கும். வீட்டில் யாருக்காவது சின்னம்மையோ ஃப்ளூவோ வந்தால் அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள், ஆஸ்பிரின் எடுக்கும் குழந்தைக்கு அவை ஈரலையும் மூளையையும் தாக்கக்கூடும். மேலூரிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வந்தால் கூட்டம் இருக்காது. பழைய எக்கோ அறிக்கையை மறக்காமல் எடுத்து வாருங்கள், குழாயின் அளவை ஒப்பிட அது வேண்டும்.